எச்-இண்டெக்ஸ் 14 என்றால் நல்லதா? ஓர் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலை வாசிக்கும் முறை

"இவருக்கு எச்-இண்டெக்ஸ் 14 என்று போட்டிருக்கிறது. நல்லதா?" முனைவர் பட்டத்துக்கு நெறியாளர் தேடும் மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். எச்-இண்டெக்ஸ் என்பது ஒருவரின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதைச் சுருக்கிச் சொல்லும் ஓர் எண், கணக்கை மூன்றாவது படியில் பார்ப்போம். நான் உடனே பதில் சொல்வதில்லை. எந்தத் துறை, ஆய்வுக்கு வந்து எத்தனை வருடம், எந்தத் தளத்தில் பார்த்தீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். கணிதத்தில் பத்து வருடமாக இருப்பவருக்கு 14 என்றால் கவனிக்க வேண்டிய ஆள். மூலக்கூறு உயிரியலில் முப்பது வருடம் ஆய்வகம் நடத்தியவருக்கு அதே 14 என்றால் கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

நெறியாளர் தேடுபவர்கள், தேர்வுக் குழுவில் முதல்முறை உட்காருபவர்கள், ஓர் ஆய்வாளரைப் பற்றிச் செய்தி எழுதப் போகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஓர் ஆளின் பட்டியலை ஒழுங்காகப் பார்க்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஒருவரின் பல வருட உழைப்பைப் பற்றி முடிவு சொல்வதற்கு அந்த நேரத்தையாவது கொடுக்கத்தான் வேண்டும்.

முதலில் ஒரு சொல். ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரை தன் குறிப்புப் பட்டியலில் சேர்த்தால், முதல் கட்டுரைக்கு ஒரு மேற்கோள் கிடைத்ததாகக் கணக்கு. வளாகத்தில் எல்லோரும் சைட்டேஷன் என்றுதான் சொல்வார்கள். நான் மேற்கோள் என்றே எழுதுகிறேன்.

1. பட்டியல் அவருடையதுதானா என்று பாருங்கள்

பலர் தாண்டிப் போகிற படி இது. ஒருமுறை ஒரு விண்ணப்பத்தோடு வந்த கூகுள் ஸ்காலர் (ஒருவரின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுத்துக் காட்டும் கூகுளின் தளம்) பக்கத்தைத் திறந்தேன். மண்ணில் வாழும் பாக்டீரியாவைப் பற்றி எழுதியவர் அவர். பட்டியலில் பாலங்களுக்கான கான்கிரீட் பற்றியும் பத்துப் பன்னிரண்டு கட்டுரைகள் இருந்தன. விண்ணப்பித்தவர் ஏமாற்றவில்லை. அதே பெயரும் அதே இனிஷியலும் கொண்ட இன்னொருவரின் கட்டுரைகளைத் தளம் தானாகவே சேர்த்துவிட்டது, இவரும் கவனிக்கவில்லை. அவற்றைக் கழித்ததும் மொத்த மேற்கோள் ஏறக்குறைய பாதியாக இறங்கியது.

ஆகவே தலைப்புகளை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். துறை திடீரென்று மாறுகிறதா? 1980களில் ஒரு கட்டுரை, அப்புறம் இருபது வருட இடைவெளி என்று இருக்கிறதா? ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கொடுக்கும் ஆர்க்கிட் (ORCID) எண் இருந்தால் அதையும் திறந்து ஒப்பிடுங்கள். 2012இல் தொடங்கிய இந்த அடையாள எண் 16 இலக்கங்கள் கொண்டது, நான்கு நான்காகப் பிரித்து எழுதுவார்கள். பெயர் மாறினாலும் நிறுவனம் மாறினாலும் எண் மாறாது. ஆனால் ஆர்க்கிட் பக்கத்தில் கட்டுரைகளைப் பெரும்பாலும் அவரவரே சேர்க்கிறார்கள். அங்கே இல்லாததால் ஒரு கட்டுரை அவருடையது இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

தலைகீழ்ச் சிக்கலும் உண்டு. திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள், இனிஷியலை ஒரு கட்டுரையில் முன்னாலும் இன்னொன்றில் விரித்துப் பின்னாலும் எழுதியவர்கள் ஆகியோரின் பட்டியல் இரண்டு மூன்று துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். சேர்த்துப் பார்க்காவிட்டால் அவர்களுக்கு அநியாயம் செய்கிறோம்.

2. எந்தத் தளம், எந்தத் தேதி

ஒரே ஆளுக்கு மூன்று தளங்களில் மூன்று எண்கள் வரும். தளம் எதையெல்லாம் கணக்கில் எடுக்கிறது என்பதில்தான் வேறுபாடு. கூகுள் ஸ்காலர் ஆய்விதழ்க் கட்டுரைகளோடு ஆய்வேடுகள், நூல்கள், முன்பதிப்புகள் (இதழில் வருவதற்கு முன்பே இணையத்தில் போடும் வடிவங்கள்) என்று வலையில் அகப்படுவதை எல்லாம் சேர்க்கும், அதனால் எண் பெரும்பாலும் அங்கே பெரிதாக இருக்கும். ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயன்ஸும் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எடுக்கும், எண் சிறுக்கும். இவை இரண்டுக்கும் சந்தா வேண்டும், ஆனாலும் ஸ்கோபஸில் ஓர் ஆய்வாளரின் அடிப்படை விவரத்தை இலவசமாகவே பார்க்கலாம். 2022இல் வந்த ஓப்பன்அலெக்ஸ் தளத்தில் இலவசமாகவே தேடலாம். கையில் சந்தா இல்லாதவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

இருவரை ஒப்பிடும்போது ஒருவரின் எண்ணை ஒரு தளத்திலிருந்தும் மற்றவரின் எண்ணை வேறு தளத்திலிருந்தும் எடுக்கவே கூடாது. எடுத்த தேதியையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

கூகுள் ஸ்காலர் பக்கத்தில் வலது பக்கம் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். இரண்டு பத்திகள்: ஒன்று மொத்தம், இன்னொன்று ஏறக்குறைய கடந்த ஐந்து வருடம். இந்த இரண்டாவது பத்தியைப் பலர் தப்பாக வாசிக்கிறார்கள். அது கடந்த ஐந்து வருடத்தில் எழுதிய கட்டுரைகளின் கணக்கு கிடையாது. எப்போது எழுதியதாக இருந்தாலும் கடந்த ஐந்து வருடத்தில் கிடைத்த மேற்கோள்களின் கணக்கு அது. இருபது வருடத்துக்கு முன் எழுதிய ஒரே ஒரு கட்டுரை இன்றும் மேற்கோள் வாங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பத்தி செழிப்பாகவே தெரியும். அவர் இப்போது என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டுமானால், பட்டியலை ஆண்டு வரிசைக்கு மாற்றிப் பாருங்கள்.

3. எச்-இண்டெக்ஸை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்

இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவு இது. குறைந்தது எச் மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் எச் எண்ணிக்கையில் இருந்தால், அதுதான் எச்-இண்டெக்ஸ். வரையறையாகப் படித்தால் தலை சுற்றும், காகிதத்தில் போட்டால் புரிந்துவிடும்.

ஒருவருக்குப் பன்னிரண்டு கட்டுரைகள் என்று வைத்துக்கொள்வோம். மேற்கோள்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குகிறோம்: 48, 33, 19, 12, 9, 7, 6, 6, 4, 2, 0, 0. இப்போது ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். ஆறாவது கட்டுரைக்கு 7 மேற்கோள், ஆறைவிட அதிகம், சரி. ஏழாவதுக்கு 6தான், ஏழைவிடக் குறைவு. நிறுத்துங்கள். எச்-இண்டெக்ஸ் 6.

இதே பட்டியலில் முதல் கட்டுரையின் 48ஐ அழித்துவிட்டு 4,800 என்று எழுதுங்கள். துறையையே திருப்பிப்போட்ட கட்டுரை என்று சொல்லக்கூடிய எண் அது. ஆனால் எச்-இண்டெக்ஸ் அதே 6. இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவர் யாரும் அப்புறம் அந்த எண்ணை மட்டும் வைத்து யாரையும் எடைபோட்டதை நான் பார்த்ததில்லை. சீராகத் தொடர்ந்து எழுதுபவரை எச்-இண்டெக்ஸ் நன்றாகக் காட்டும். ஒரே ஒரு பெரிய காரியத்தைச் செய்தவர் அதன் கண்ணில் படமாட்டார். அது இறங்கவும் இறங்காது. ஓய்வு பெற்றவருக்கும் ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதனால் இளையவரையும் மூத்தவரையும் இதை வைத்து ஒப்பிட வழியில்லை. முதல் கட்டுரை வந்த ஆண்டிலிருந்து எத்தனை வருடம் என்று பார்த்து, அதால் வகுத்துக்கொள்வது ஒரு தற்காலிக வழி. ஹிர்ஷே சொன்ன யோசனை அது.

கூகுள் ஸ்காலரில் காணப்படும் ஐ10-இண்டெக்ஸ் இதைவிட எளியது: பத்தோ அதற்கு மேலோ மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் எத்தனை என்பதுதான். மேலே உள்ள பட்டியலுக்கு 4.

4. எண்ணைத் துறைக்குள் வைத்துப் பாருங்கள்

மற்ற படிகளை அவசரத்தில் குறைத்துக்கொண்டாலும் இதைக் குறைக்காதீர்கள். ஹிர்ஷ் தன் 2005 கட்டுரையிலேயே பெரும் பெயர்களின் எண்களைக் கொடுத்திருந்தார். இயற்பியலில் அவர் பட்டியலின் உச்சியில் எட்வர்ட் விட்டன், 110. உயிர் அறிவியலில் உச்சியில் சாலமன் ஸ்னைடர், 191. இதை வைத்து ஸ்னைடர் விட்டனைவிட ஒன்றே முக்கால் மடங்கு பெரியவர் என்று சொன்னால் இரண்டு துறையாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு துறையின் பழக்கம்.

பழக்கம் என்றால் என்ன? முதலாவது, குறிப்புப் பட்டியலின் நீளம். உயிரியல் கட்டுரையின் கடைசியில் ஐம்பது அறுபது குறிப்புகள் இருப்பது சாதாரணம். கணிதக் கட்டுரையில் அதில் பாதிகூட இல்லாமல் இருக்கும். ஒவ்வொரு கட்டுரையும் கொடுக்கிற மேற்கோள் குறைவு என்றால், துறை முழுவதும் சுற்றுகிற மேற்கோளும் குறைவு. இரண்டாவது, ஆட்களின் எண்ணிக்கை. உலகம் முழுக்க இருநூறு பேர் மட்டும் வேலை செய்கிற ஒரு நுண்துறையில் எவ்வளவு நல்ல கட்டுரைக்கும் ஆயிரம் மேற்கோள் வருவது கடினம். மூன்றாவது, வேகம். மருத்துவத்தில் ஒரு கட்டுரை வெளிவந்த இரண்டு மூன்று வருடத்திலேயே பேசப்பட்டுவிடும். கணிதத்தில் ஒரு தேற்றத்தைப் பத்து வருடம் கழித்துக் கையில் எடுப்பது அன்றாடம் நடப்பது.

எதைக் கட்டுரை என்று கணக்கில் எடுப்பது என்பதும் மாறும். கணினி அறிவியலில் நியூரிப்ஸ், சிவிபிஆர் போன்ற மாநாடுகளில் ஒரு கட்டுரை ஏற்கப்படுவது நல்ல ஆய்விதழில் வருவதற்குச் சமம், பல சமயம் அதற்கும் மேல். வேதியியலிலோ மாநாட்டில் வாசித்தது பெரும்பாலும் ஒரு பக்கச் சுருக்கம் மட்டுமே. வேறு துறையிலிருந்து வந்த குழு உறுப்பினர் ஒருவர் கணினி அறிவியலாளரின் பட்டியலைப் பார்த்து, "எல்லாம் மாநாட்டுக் கட்டுரைதானே" என்று ஒதுக்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருந்தது. வரலாறு, இலக்கியம், தத்துவம் ஆகியவற்றில் நூல்தான் மையம். அதிலும் ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதிய நூல் என்றால் இந்தத் தளங்களில் அதற்கு நிழல்கூட விழாது. அத்தகையவரின் பட்டியலுக்கு மேற்கோள் எண்களைத் தேடுவதையே விட்டுவிட்டு, நூல்களுக்கு வந்த மதிப்புரைகளைத் தேடுங்கள்.

முன்பதிப்புக்கும் இப்படித்தான். 1991இல் தொடங்கிய ஆர்க்சைவ் தளத்தில் இயற்பியலாளர்களும் கணிதவியலாளர்களும் முதலில் கட்டுரையைப் போட்டுவிட்டு அப்புறம்தான் இதழுக்கு அனுப்புவார்கள். கணிதவியலாளர் கிரிகோரி பெரல்மான் 2002, 2003 ஆண்டுகளில் பொயின்கரே அனுமானம் என்ற புகழ்பெற்ற கணிதப் புதிருக்கான நிறுவலை அங்கே மூன்று முன்பதிப்புகளாகப் போட்டதோடு சரி, எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. 2006இல் அவருக்குக் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் அறிவித்தார்கள் (அவர் ஏற்கவில்லை). ஆய்விதழ்க் கட்டுரைகளை மட்டும் எண்ணும் படிவத்தில் அந்த வேலைக்குப் பூஜ்யம்தான் விழும்.

துறை வேறுபாட்டைச் சரிக்கட்டிக் கொடுக்கும் அளவுகளும் வந்துவிட்டன. ஒரே துறை, ஒரே ஆண்டு, ஒரே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியை 1 என்று வைத்து, இந்தக் கட்டுரை அதில் எத்தனை மடங்கு என்று சொல்வார்கள். 1.5 என்றால் சராசரியைவிட ஐம்பது சதவீதம் அதிகம். ஸ்கோபஸ் தரவை வைத்துக் கணக்கிடுவதும் உண்டு, ஓப்பன்அலெக்ஸிலும் உண்டு. உயிர்மருத்துவக் கட்டுரைகளுக்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் ஐசைட் தளம் இதேபோன்ற ஓர் எண்ணை இலவசமாகத் தருகிறது. ஒரு எச்சரிக்கை: பத்தே கட்டுரை உள்ளவருக்கு ஒரு கட்டுரை வெடித்துக் கிளம்பினால் சராசரி முழுவதும் எகிறிவிடும். அதனால் சராசரியோடு நிற்காமல், துறையின் முதல் பத்து சதவீதத்துக்குள் எத்தனை கட்டுரைகள் வந்திருக்கின்றன என்றும் பாருங்கள். நான் அதிகம் நம்புவது இந்தக் கணக்கைத்தான்.

5. பெயர் எந்த இடத்தில் இருக்கிறது

உயிரியலிலும் மருத்துவத்திலும் முதல் பெயர் ஆய்வைக் கையால் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது. நடுவில் இருப்பவர்களின் பங்கு பெரியதாகவும் இருக்கலாம், ஒரு மாதிரியை அனுப்பிவைத்ததோடு முடிந்தும் இருக்கலாம். பல இதழ்கள் இப்போது யார் எதைச் செய்தார்கள் என்று கட்டுரையின் கடைசியில் ஒரு பத்தி போடுகின்றன, அதைத் தேடி வாசியுங்கள். கணிதத்திலும் கோட்பாட்டுப் பொருளியலிலும் பெரும்பாலும் அகரவரிசைதான். அங்கே முதல் பெயருக்குத் தனி மரியாதை கிடையாது, கடைசிப் பெயருக்குக் குறையும் கிடையாது.

துகள் இயற்பியல் தனி உலகம். ஹிக்ஸ் போசான் என்ற துகளின் நிறையை அளந்து 2015இல் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு பெரிய ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கக் கட்டுரையில் ஆய்வுக்கு 9 பக்கம், மிச்சம் 24 பக்கமும் பெயர்களும் நிறுவனங்களும். இப்படிப்பட்ட குழுவில் இருக்கும் இளைஞரின் பட்டியலில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருக்கும். அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதைக் குழுவின் உள் குறிப்புகளிலும் பரிந்துரைக் கடிதங்களிலும்தான் பார்க்க முடியும்.

6. இதழின் எண் இதழுக்கு மட்டும்

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது, ஒரு இதழ் முந்தைய இரண்டு வருடங்களில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த வருடம் கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. இதைக் கொண்டு தனிக் கட்டுரையை ஏன் மதிப்பிடக்கூடாது என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம், ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா என்ற படிகவியல் இதழின் ஏ பிரிவு. அதன் இம்பாக்ட் ஃபேக்டர் 2 சுற்றுவட்டத்தில் இருந்தது. 2009இல் ஏறக்குறைய 50க்குத் தாவியது. காரணம், படிக அமைப்பைக் கணிக்கும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008இல் எழுதிய ஒரே ஒரு கட்டுரை. அந்த மென்பொருளைப் பயன்படுத்திய எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். இரண்டு வருடக் கணக்கு முடிந்ததும் எண் மறுபடி 2க்கு வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அங்கே எழுதிய மற்றவர்கள் எல்லோரும் திடீரென்று இருபத்தைந்து மடங்கு மேதைகள் ஆகிவிடவில்லையே.

2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம், ஆளையோ தனிக் கட்டுரையையோ இதழின் எண்ணால் மதிப்பிடாதீர்கள் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. டோரா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உங்கள் குழுவில் யாராவது விண்ணப்பதாரரின் இம்பாக்ட் ஃபேக்டர்களைக் கூட்டிப் போட ஆரம்பித்தால் இந்தப் பிரகடனத்தை மேசையில் வையுங்கள்.

இதழைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் வாங்கிக்கொண்டு எதையும் மதிப்பீடு இல்லாமல் போடும் இதழ்கள் நிறைய. அனுப்பிய தேதிக்கும் ஏற்ற தேதிக்கும் இடையே நான்கே நாள், ஆசிரியர் குழுவில் யாரும் அந்தத் துறைக்காரர் இல்லை, இதழின் தலைப்புக்கும் கட்டுரைகளுக்கும் தொடர்பில்லை என்றெல்லாம் தெரிந்தால் ஜாக்கிரதை.

7. மேற்கோள் காட்டியவர்களின் கட்டுரைகளைத் திறந்து வாசியுங்கள்

இதுவரை பார்த்தது எல்லாம் இந்தப் படிக்கான முன்னேற்பாடு. அவருடைய கட்டுரைகளில் அதிக மேற்கோள் வாங்கிய ஒன்றையும் அவரே முக்கியமானது என்று சொல்லும் ஒன்றையும் எடுங்கள், இரண்டும் பல நேரம் வேறு வேறாக இருக்கும். முதலாவதின் கீழே உள்ள மேற்கோள் எண்ணைச் சொடுக்கினால் அதைக் குறிப்பிட்ட கட்டுரைகளின் பட்டியல் வரும். அதில் பத்தைத் திறந்து, இவர் பெயர் எந்த வாக்கியத்தில் வருகிறது என்று தேடுங்கள்.

சில இடங்களில் முன்னுரையில், "இதைப் பற்றிப் பலர் ஆராய்ந்துள்ளனர்" என்ற வாக்கியத்தின் கடைசியில் ஏழெட்டுப் பேரோடு கூட்டத்தில் ஒருவராக நிற்பார். அது ஒரு மேற்கோள். இன்னோர் இடத்தில், "நாங்கள் இவருடைய முறையைத்தான் பின்பற்றினோம், அதில் இந்த ஒரு படியை மாற்றினோம்" என்று இருக்கும். அதுவும் ஒரு மேற்கோள். கணக்கில் இரண்டும் ஒன்று. பத்தில் மூன்று இரண்டாவது வகையாக இருந்தாலே, அவருடைய வேலை மற்றவர் கைகளில் உயிரோடு இருக்கிறது என்று தைரியமாக எழுதலாம்.

மறுத்து எழுதியதும் மேற்கோள்தான். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 1998இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையை இதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதற்கும் ஏராளமான மேற்கோள்கள் உண்டு, தவறு என்று காட்டுவதற்காகவே பலர் அதைக் குறிப்பிட்டார்கள். எனவே கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள், இலவசம்தான்.

செய்முறைக் கட்டுரைகளும், ஒரு துறையில் வந்ததைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரைகளும் இயல்பாகவே அதிக மேற்கோள் வாங்கும். புரதத்தின் அளவை அறிய லௌரியும் உடன் இருந்தவர்களும் 1951இல் எழுதிய செய்முறைக் கட்டுரைக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். டிஎன்ஏயின் இரட்டைச் சுருளைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ, நேச்சர் இதழ் 2014இல் தொகுத்த முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலிலேயே இல்லை. ஓர் ஆய்வாளரின் மேற்கோள்களில் பெரும்பகுதி ஒரே மீளாய்வுக் கட்டுரையிலிருந்து வந்திருந்தால் அதைக் குறித்துவைத்துக்கொண்டு, அவருடைய மூல ஆய்வுகள் எப்படி வரவேற்கப்பட்டன என்று தனியாகப் பாருங்கள்.

தன்னைத் தானே மேற்கோள் காட்டுவது ஓரளவுக்குத் தேவைதான். தொடர்ச்சியாக ஒரே பிரச்சினையில் வேலை செய்பவர் தன் முந்தைய கட்டுரையைச் சொல்லாமல் எப்படி எழுதுவார்? ஸ்கோபஸில் தன் மேற்கோள்களை நீக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. நீக்கியதும் எண் சரிபாதிக்கு மேல் விழுந்தால் ஏன் என்று கேளுங்கள். மேற்கோள் காட்டுவது திரும்பத் திரும்ப அதே நான்கைந்து பேர், இவரும் அவர்களையே காட்டுகிறார் என்றாலும் கேளுங்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல் கணிதத்தில் முற்றிப்போய், வெப் ஆஃப் சயன்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் 2023இல் தன் அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர் பட்டியலிலிருந்து கணிதப் பிரிவையே எடுத்துவிட்டது. நேர்மையாக வேலை செய்தவர்களுக்கும் அதனால் இழப்புதான்.

8. பார்த்ததை எழுதுங்கள்

ஒரே எண்ணைக் குழுவுக்குக் கொண்டுபோகாதீர்கள். நாலைந்து வரியில் ஒரு குறிப்பு எழுதுங்கள். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"முதல் கட்டுரை 2013. நடுவில் இரண்டு வருடம் விடுப்பு. ஓப்பன்அலெக்ஸில் மார்ச் 3 அன்று பார்த்தபோது 22 கட்டுரைகள், வேறொருவருடைய இரண்டை நீக்கிய பின். எச்-இண்டெக்ஸ் 9. ஒன்பது கட்டுரைகளில் முதல் பெயர், கடந்த மூன்று வருடத்தில் நான்கில் கடைசிப் பெயர், அதாவது சொந்தக் குழு தொடங்கிவிட்டார். மூன்று கட்டுரைகள் அந்தத் துறையில் அந்தந்த ஆண்டின் முதல் பத்து சதவீதத்துக்குள். 2018 கட்டுரையின் செய்முறையை வேறு இரண்டு ஆய்வகங்கள் எடுத்துப் பயன்படுத்தியிருக்கின்றன, அந்தப் பகுதிகளை வாசித்தேன். 2021 கட்டுரையின் முடிவை ஒரு குழு மறுத்திருக்கிறது, அதற்கு இவர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று நேர்காணலில் கேட்க வேண்டும்."